உழவன் படிக்க வேண்டிய கணக்குப் புத்தகங்கள்

எங்கள் கொல்லையைப் பார்க்க வரும் நண்பர்கள், கிளம்பும்போது தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சார், இயற்கை வேளாண்மை கத்துக்க எந்தப் புத்தகம் படிக்கலாம்?" பஞ்சகவ்யம், மீன் அமிலம், பூச்சிவிரட்டி எல்லாம் லிட்டர் கணக்கோடு போட்ட ஒரு கையேட்டைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதுக்குப் புத்தகமே வேண்டாம். பக்கத்து ஊரில் பத்து வருஷமாகச் செய்துகொண்டிருக்கிற ஒருத்தரோடு அரை நாள் இருந்தால் போதும், கைக்கு வந்துவிடும்.

நான் சொல்லும் புத்தகங்கள் வேறு. 34 ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் நான், அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில். பயிர்க்கடன், கிணற்றுக் கடன், கறவை மாட்டுக் கடன், நகைக்கடன் என்று உழவர்களின் கணக்கைப் பார்த்தே தலை நரைத்தது. ஓய்வுக்குப் பிறகு திண்டிவனம் பக்கம் மூன்றேகால் ஏக்கரில் பயிர் செய்கிறேன். ஒன்றேகால் ஏக்கர் ஏரிப் பாசனக் கழனி, மீதி கொல்லை. மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: பயிர் செய்யத் தெரியாமல் நிலத்தை விட்டுப் போகிறவர்கள் குறைவு. கணக்கு புரியாமல் விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இந்தக் கணக்கை முதலில் எழுதியது யார், எந்தச் செலவை எழுதாமல் விட்டார்கள், அப்படி விட்டதில் யாருக்கு லாபம் என்று சொல்கிற புத்தகங்களைத்தான் நான் கையில் கொடுப்பேன். அவற்றில் சில பொருளாதாரம், சில வரலாறு, ஒன்றிரண்டு கதைப் புத்தகம்கூட.

எல்லோரும் முதலில் எடுப்பது ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’. படிக்கட்டும், ஆனால் முழுசாகப் படிக்கட்டும். வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கி வருகிற தம்பிகள் பலர், ‘எதுவும் செய்யாத வேளாண்மை’ என்ற ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். யோகோஹாமா சுங்கத்துறையில் பயிர்நோய் ஆய்வு வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய ஃபுகுவோகா, அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தில் கவாத்து செய்வதை நிறுத்தியதும் என்ன நடந்தது என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் செத்தன. மனிதன் கைபட்டுப் பழகிய மரத்தைத் திடீரென்று கைவிட்டால் அது இயற்கை வேளாண்மை ஆகாது என்று அவரே எழுதுகிறார். அதுக்கப்புறம் பல பத்தாண்டு உழைத்துத்தான் அந்த ‘எதுவும் செய்யாத’ இடத்துக்கு வந்து சேர்ந்தார். அத்தனை ஆண்டு வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டே அந்தப் பக்கங்களைப் படியுங்கள்.

அடுத்தது, நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பயண நூல். எஃப். எச். கிங் என்ற அமெரிக்க மண்ணியல் அறிஞர் 1909ல் சீனா, கொரியா, ஜப்பான் மூன்று நாடுகளுக்கும் போய்ப் பார்த்து எழுதிய ‘ஃபார்மர்ஸ் ஆஃப் ஃபார்ட்டி சென்ச்சுரீஸ்’. நாற்பது நூற்றாண்டு உழவர்கள் என்று பொருள். புத்தகம் 1911ல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை, மனைவிதான் அச்சுக்குக் கொடுத்து முடித்தார். அமெரிக்காவில் மூன்று தலைமுறைக்குள் மண் களைத்துப்போகிறதே, இவர்கள் நாலாயிரம் வருஷமாக அதே வயலில் எப்படி எடுக்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. வாய்க்கால் வண்டலையும் சாம்பலையும் வைக்கோலையும் எப்படி எப்படி வயலுக்குத் திருப்பினார்கள் என்று வரி வரியாகக் குறித்துவைக்கிறார்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதிலே ஒரு கணக்கு. 1908ல் ஷாங்காய் நகரத்தின் வெளிநாட்டார் குடியிருப்புப் பகுதி, வீடுகளிலிருந்து மனிதக் கழிவை எடுத்துச் செல்லும் உரிமையை ஒரு சீன ஒப்பந்தக்காரருக்கு விற்றிருக்கிறது. 78,000 டன் கழிவுக்கு 31,000 டாலருக்கு மேல் அவர் நகரத்துக்குக் கொடுத்தார். கவனியுங்கள், நகரம் அவருக்குக் கொடுக்கவில்லை, அவர்தான் நகரத்துக்குக் கொடுத்தார். இன்றைக்கு நம் ஊராட்சியும் பேரூராட்சியும் குப்பையை அள்ளவும் கொட்டவும் எரிக்கவும் பணம் செலவழிக்கின்றன. உழவன் அந்தப் பக்கம் உர மூட்டைக்குப் பணம் கட்டுகிறான். வரவாக இருந்த ஒன்று இரண்டு இடத்தில் செலவாக மாறியதை இதைவிடத் துல்லியமாக எந்தப் பட்ஜெட் உரையிலும் நான் பார்த்ததில்லை.

ஆல்பர்ட் ஹோவார்டின் ‘அக்ரிகல்ச்சரல் டெஸ்டமென்ட்’ (1940) பற்றி நம் இதழில் நிறைய வந்துவிட்டது, அதனால் நீட்டவில்லை. அவருக்கு முன்னாலேயே வந்த வோல்கர் அறிக்கையை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். இந்திய வேளாண்மையைத் ‘திருத்துவதற்கு’ வழி சொல்லும்படி 1889ல் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட வேதியியலாளர் அவர். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1893ல் கொடுத்த அறிக்கையில், இந்த உழவன் சராசரி ஆங்கிலேய உழவனுக்குக் குறைந்தவன் இல்லை, சில விஷயங்களில் மேலானவன் என்று எழுதிவிட்டார். சாணி வரட்டியாகி அடுப்புக்குப் போகிறதே, ஊர் ஊருக்கு விறகுக் காடு வளர்த்துக் கொடுத்தால் அது வயலுக்குப் போகுமே என்பதும் அவர் சொன்ன யோசனைதான். உழவனின் அறியாமைதான் எல்லாத்துக்கும் காரணம் என்று நினைத்து வந்தவர், வசதியின்மைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிங், வோல்கர் இரண்டும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.

இனி ஜே. சி. குமரப்பா. இவரைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேசணும், ஏன்னா அவரும் கணக்குக்காரர். 1892ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயர் பயிற்சி முடித்து, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தார். அங்கே, பிரிட்டிஷ் ஆட்சியின் வரவு செலவைப் புரட்டப் புரட்ட, இந்தியா ஏன் ஏழையானது என்று அவருக்குத் தெரிந்துபோனது. 1929ல் காந்தியைப் பார்த்தார். காந்தி அவரை உடனே குஜராத்தின் மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பி, கிராமம் கிராமமாக வரவு செலவு எடுக்கச் சொன்னார். பேலன்ஸ் ஷீட் போட்டுப் பழகிய கை, ஓர் உழவர் குடும்பத்துக்குப் போட்ட பேலன்ஸ் ஷீட் அது. ஊரக வங்கி ஊழியர்கள் பயிற்சிக் கல்லூரியில் முதல் நாள் அதைத்தான் படிக்கணும் என்பது என் கட்சி.

அவர் சிறையில் இருந்தபோது எழுதி 1945ல் வந்த ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’, அதாவது நிலைத்த பொருளாதாரம், சின்னப் புத்தகம்தான். உயிர்கள் பிழைக்கும் விதத்தை ஐந்தாகப் பிரிக்கிறார். புலி, தான் எதையும் விளைவிக்காமல் இன்னொரு உயிரை அழித்துத் தின்கிறது. குரங்கு, மரத்தை அழிக்காமல் பழத்தை மட்டும் பறிக்கிறது. கூடு கட்டும் பறவை தன் உழைப்பில் வாழ்கிறது. தேனீ தன் கூட்டத்துக்காகச் சேர்க்கிறது. தாய்ப்பறவை எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. இந்த ஐந்தை மனசில் வைத்துக்கொண்டு ஒரு மானியத் திட்டத்தையோ கம்பெனி ஒப்பந்தத்தையோ படித்துப் பாருங்கள், இது புலியா தேனீயா என்று தானாகத் தெரியும். ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு பகுதிக்குச் சத்தான சாப்பாடும் துணியும் வேண்டுமானால் தானியத்துக்கு எத்தனை ஏக்கர், பருப்புக்கு, எண்ணெய் வித்துக்கு, பருத்திக்கு எத்தனை ஏக்கர் என்று அவர் ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். எங்கள் பகுதியில் மணிலா போன இடத்தில் சவுக்கு வந்து, சவுக்கு போன இடத்தில் மனைக்கல் வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பட்டியல் ஞாபகம் வரும். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் இருந்தார், 1960 ஜனவரி 30ல் மறைந்தார். நம் ஊர்க்காரர். ஆனால் நம் பொருளாதாரப் பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

குமரப்பாவுக்குப் பக்கத்தில் நான் வைத்திருப்பது ஒரு ரஷ்யர், சயானோவ். வேளாண் பொருளாதார அறிஞர். குடியானவர் பொருளாதாரம் பற்றி 1925ல் எழுதினார். 1930ல் ஸ்டாலின் அரசு அவரைக் கைது செய்தது, 1937ல் சுட்டுக் கொன்றது. புத்தகம் ஆங்கிலத்தில் வந்ததே 1966ல்தான். நடை கொஞ்சம் கரடுமுரடு, சும்மா பொழுதுபோக்குக்குப் படிக்க முடியாது. ஆனால் விஷயம் நம் வீட்டு விஷயம்.

ஒரு கம்பெனி கூலி கொடுக்கிறது, லாபம் பார்க்கிறது, நஷ்டமானால் மூடிவிடுகிறது. குடியானவர் குடும்பத்தில் கூலி என்ற வரியே கிடையாது. வீட்டில் எத்தனை வாய், எத்தனை கை என்பதுதான் அங்கே கணக்கு. வாய் அதிகமானால் கை இன்னும் கூடுதலாக உழைக்கும். விலை விழுந்தாலும் குடும்பம் மூடிவிட்டுப் போகாது, இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னால எழுந்திருக்கும். கம்பெனி தாங்காத விலையைக் குடும்பம் தாங்குவது இப்படித்தான். அந்தத் தாங்கும் சக்தியைத்தான் சந்தை மலிவு விலையாக வாங்கிக்கொள்கிறது.

நான் வேலையில் இருந்தபோது பயிர்க்கடனுக்கு ஒரு பெரியவர் வந்தார். ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் கடன் அளவுப் பட்டியலை அவருக்குப் படித்துக் காட்டினேன். விதை, உரம், பூச்சிமருந்து, ஆள்கூலி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் சார், எங்க வூட்டுக்காரம்மா களை எடுக்குதே, மாட்டுக்குப் புல்லு அறுக்குதே, அதுக்கு எந்தக் கட்டம்?" என்றார். அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. சயானோவைப் படித்தால் அந்தக் கட்டம் ஏன் இல்லை என்று தெரியும்.

இது பழைய ரஷ்யக் கதை இல்லை, இன்றைக்கு நெல் விலையிலும் இதே சண்டைதான் நடக்கிறது. விலை நிர்ணய ஆணையம் செலவை மூன்று விதமாகக் கணக்கிடுகிறது. ஏ2 என்பது கையை விட்டுப் போகும் காசு. அதோடு வீட்டாள் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் இரண்டாவது கணக்கு. சொந்த நிலத்துக்கு வாடகையும் சொந்த முதலுக்கு வட்டியும் சேர்த்தால் சி2. செலவுக்கு மேல் 50 சதவீதம் வேண்டும் என்றது சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம். உழவர் அமைப்புகள் அதை சி2 மீது கேட்கின்றன. அரசு 2018ல் அறிவித்த ஒன்றரை மடங்கு, இரண்டாவது கணக்கின் மீது. இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போராட்டத்துக்குப் போனால் மேடையில் யார் எதைச் சொன்னாலும் கைதட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

நம் பக்கமும் ஒன்று சொல்லணும். ‘செலவில்லா வேளாண்மை’ என்கிறோமே, எந்தக் கணக்கில் செலவில்லை? நான் இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். ஒன்று காசு நோட்டு, இன்னொன்று நானும் என் மனைவியும் கழனியில் இறங்கிய நாட்களைக் குறிக்கும் நோட்டு. போன சம்பாவில் தூயமல்லி ஒன்றேகால் ஏக்கருக்கு எங்கள் இருவர் வேலை 58 ஆள்நாள். காசு நோட்டில் லாபம் அழகாகத்தான் நிற்கிறது. அந்த 58 நாளை உள்ளூர்க் கூலிக்குப் போட்டால் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. எனக்கு ஓய்வூதியம் வருகிறது, தாங்குகிறேன். ஓய்வூதியம் இல்லாத ஒரு இளைஞரை இதில் இறங்கச் சொல்லும்போது இரண்டாவது நோட்டையும் காட்டிவிட்டுத்தான் சொல்லணும்.

கடனைப் பற்றி ரெண்டு புத்தகம். மால்கம் டார்லிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1925ல் எழுதிய ‘பஞ்சாப் பெசன்ட் இன் ப்ராஸ்பெரிட்டி அண்ட் டெட்’. பெயரிலேயே விஷயம் இருக்கு, வளத்திலும் கடனிலும் பஞ்சாப் உழவன். கால்வாய் வந்தது, ரயில் வந்தது, நிலத்தின் விலை ஏறியது. கடன் குறைய வேண்டும்தானே? கூடியது. நிலத்துக்கு விலை ஏறியதும் வட்டிக்காரர் தாராளமாகக் கொடுத்தார், அவ்வளவுதான். நெடுஞ்சாலை ஓரத்தில் மனை விலை ஏறியதும் ஏக்கருக்குக் கிடைக்கும் கடனும் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். கடன் கொடுப்பது நிலத்தின் விலையைப் பார்த்து, கட்ட வேண்டியது விளைச்சலிலிருந்து. டார்லிங் சொன்ன நோய் இன்னும் தீரவில்லை.

இன்னொன்று, 1951-52ல் எடுத்து 1954ல் வெளியான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு அறிக்கை. உழவர் வாங்கிய கடனில் வட்டிக்காரர்களின் பங்கு கிட்டத்தட்ட 70 சதவீதம். கூட்டுறவு 3.1, அரசு 3.3, வணிக வங்கிகள் 0.9 என்கிறது. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1955ல் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியானது, 1969ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகின. வங்கியைத் திட்டுகிறவர்கள், நானும் திட்டுவேன், வங்கி வராத காலம் எப்படி இருந்தது என்று அந்த 0.9ஐப் பார்த்துவிட்டுத் திட்டுவது நல்லது.

வரலாற்றில் ஒரே ஒரு புத்தகம் என்றால் மைக் டேவிஸின் ‘லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்’. நம் பாட்டிமார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொன்ன 1876-78 பஞ்சம் அதில் விரிவாக வருகிறது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் ஜனம் செத்தது மழையால் மட்டும் இல்லை. இங்கே பிணம் விழுந்துகொண்டிருந்தபோது 1877 ஜனவரி 1ல் டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது, தானியம் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலை செய்தவர்களுக்குக் கூலியில் தரும் தானியத்தை ஒரு பவுண்டாக, அதாவது சுமார் 450 கிராமாக, ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். கல் உடைக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவு தானியம்தான். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதியதும் பதிவாகியிருக்கிறது. ரயில் பாதை இருந்தால் பஞ்சம் வராது என்று பள்ளியில் படித்தோமே, ரயில் தானியத்தை உள்ளே கொண்டுவரவும் செய்யும், வெளியே கொண்டுபோகவும் செய்யும்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் கூட்டங்களில் அந்தக் காலத்து வேளாண்மையைப் பொற்காலம் மாதிரி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணைப் பொறுத்தவரை அதில் நிறைய உண்மை உண்டு. அந்த மண்ணில் இறங்கி நின்ற மனுஷனைப் பொறுத்தவரை? காத்லீன் கோஃப் 1950களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்க் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்து எழுதிய ‘ரூரல் சொசைட்டி இன் சவுத்ஈஸ்ட் இந்தியா’வைப் படியுங்கள். ஆங்கிலம் வேண்டாம் என்றால் சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ நாவல். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டதில் போய் முடிந்த அந்தக் கூலிப் போராட்டம்தான் கதை. இதைப் படித்துவிட்டு ‘நம் முன்னோர் வேளாண்மை’ என்று சொல்லுங்கள், சொல்லும் விதம் கொஞ்சம் மாறும். குத்தகைக்கு நிலம் தேடும் ஆட்களும் நிலமே இல்லாத ஆட்களும் நம் கூட்டங்களுக்கு ஏன் அதிகம் வருவதில்லை என்ற கேள்விக்கும் அங்கே பாதிப் பதில் இருக்கிறது.

சாய்நாத்தின் ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ (1996) பத்திரிகைக்காரர் எழுதியது, சீக்கிரம் ஓடும். நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. ஆனால் முதலில் படிக்க வேண்டியது ஒடிசாவின் கோம்னா பகுதி மாட்டுக் கதை. பால் வளம் பெருக்குகிறோம் என்று ஏழைகளுக்கு மாடு கொடுத்து, ஜெர்சி விந்து ஊசி போட்டு, கலப்பு வரக் கூடாது என்று உள்ளூர்க் காளைகளையெல்லாம் காயடித்து, தீவனத்துக்கு சுபாபுல் நட்டு, கோடிக் கணக்கில் கொட்டினார்கள். கடைசியில் எட்டே எட்டு கலப்பினக் கன்றுகள். பால் கூடவில்லை. பெயர் பெற்ற கரியார் காளை அந்தப் பகுதியில் இல்லாமலே போனது. கறவை மாட்டுக் கடன் இலக்கு முடிக்க மார்ச் மாதத்தில் ஓடியிருக்கிற எந்த வங்கிக்காரருக்கும் இதைப் படித்தால் தூக்கம் வராது.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையையும் இந்த அடுக்கில்தான் வைத்திருக்கிறேன். தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதில் ஏறி ஆடி விளையாடிய பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறது, வாடைக்காற்று அடிக்கிறது. பத்து நிமிஷத்தில் படித்துவிடலாம். வசூல், ஜப்தி என்ற சொற்களுக்கு அகராதி தராத பொருள் அதில் கிடைக்கும்.

வாங்க வேண்டாத புத்தகமும் சொல்லணுமா? ‘ஒரு ஏக்கரில் பத்து லட்சம்’ ரகம். கடையில் நின்றபடியே வரவு செலவுப் பக்கத்தைப் புரட்டுங்கள். ஆள்கூலி வரி இருக்கிறதா, விற்காமல் வீணான சரக்குக்கு ஒரு வரி இருக்கிறதா, மழை கெட்ட வருஷத்துக்கு ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அடுக்கிவிட்டு வந்துவிடுங்கள்.

நான் படிப்பது ஐந்து மணிக்கு மேல், மாட்டைக் கட்டிவிட்டு, ஓரத்தில் பென்சில் குறிப்புப் போட்டுக்கொண்டு. ஆங்கிலப் புத்தகம் ஒரு நாளைக்கு நாலு பக்கத்துக்கு மேல் நகராது. சயானோவுக்கு எனக்கு ஒரு வருஷம் ஆனது, அதனால் அவசரம் வேண்டாம். மேலே சொன்னவற்றில் என்னிடம் இருக்கும் பிரதிகளை மாதாந்திரக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு யாரும் எடுத்துப் போகலாம், இரண்டு மாதத் தவணை, வட்டி கிடையாது. குமரப்பா மட்டும் இப்போதைக்கு இல்லை. ஏற்கெனவே இரண்டு பிரதி வாராக்கடனில் நிற்கிறது. வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்காவது கொண்டு வாங்க.